இஞ்சி பியரை எதில் அடைப்பது, எதில் கொண்டுபோவது?

வீட்டில் போட்ட இஞ்சி பியரை ஒருமுறை ருசி பார்த்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, இதை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்றுதான். வெள்ளவத்தையில் போட்டதை யாழ்ப்பாணத்து மாமி வீட்டுக்கு, நுவரெலியாவில் இருக்கும் தோழிக்கு, குறைந்தது தெஹிவளையில் ஒரு பிறந்தநாளுக்காவது கொண்டுபோக ஆசை வரும். எதில் கொண்டுபோவது? குடித்து முடித்த சோடா போத்தல்கள் வீட்டில் கிடக்கின்றன. தண்ணீர்ப் போத்தல்களும் சாராயப் போத்தல்களும் கிடக்கின்றன. கம்பிப் பூட்டு வைத்த அழகான கண்ணாடிப் போத்தல்களைக் கடையில் வாங்கலாம். போத்தலில் அடைக்காமல் பாகாகக் காய்ச்சிக் கொண்டுபோய், போன இடத்தில் சோடா கலக்கவும் செய்யலாம்.

என் முடிவை முதலே சொல்கிறேன். கொழும்பு வெக்கையில் வீட்டு வாசலைத் தாண்டுகிற இஞ்சி பியருக்குச் சோடா அடைத்து வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி. கண்ணாடி வீட்டு ஃபிரிட்ஜைவிட்டு வெளியே வர வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் என்றால் பாகு. கண்ணாடி உயர்ந்தது, பிளாஸ்டிக் தாழ்ந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பாலுக்கும் தேனுக்கும் அது பொருந்தலாம். உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பானத்துக்குப் பொருந்தாது.

நான் பேசுவது ஈஸ்ட் போட்டு லேசாக நுரைக்கவிட்ட இஞ்சிப் பானத்தைப் பற்றி மட்டும். மோல்டும் (முளைக்கவைத்த பார்லி) ஹொப்ஸும் (கசப்புக்குச் சேர்க்கும் ஒரு பூ) போட்டு உண்மையான பியர் வடிப்பது வேறு விஷயம். அதற்கு இலங்கையில் 1912ஆம் ஆண்டிலிருந்து வரும் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இங்கிலாந்தில் 1963இலிருந்தே வீட்டுப் பாவனைக்குப் பியர் வடிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அதனால் போத்தல் அடைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் அங்கிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது, பியருக்காக எழுதப்படுகிறது. அதை அப்படியே எடுத்து இஞ்சி பியருக்குப் போட்டால் ஆபத்து. காரணத்தை விளங்கிக்கொண்டால் போத்தல் தெரிவில் பாதி வேலை முடிந்துவிடும்.

பியர் வடிப்பவர் நொதித்தல் முடியும்வரை காத்திருப்பார். ஈஸ்ட் தின்னக்கூடிய சீனி எல்லாம் தீர்ந்த பிறகு, நுரைக்காக அளந்து கொஞ்சம் சீனி சேர்த்து அடைப்பார். அந்தச் சீனி தீர்ந்ததும் வாயு வருவது நின்றுவிடும். இஞ்சி பியரை நாம் இனிப்பாகக் குடிக்க விரும்புகிறோம். அதனால் நொதித்தல் தொடங்கும்போதே அடைத்துவிடுகிறோம், சீனி முழுவதும் உள்ளேயே இருக்கிறது.

கணக்கு இப்படி. நான் 4 லீற்றர் தண்ணீருக்கு 200 கிராம் இஞ்சி, 400 கிராம் சீனி, 4 தேசிக்காய், பாண் போடும் உலர் ஈஸ்டில் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகப் போடுவேன். ஒரு லீற்றருக்கு 100 கிராம் சீனி. ஒரு லீற்றர் பானத்தில் ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு வாயு கரைய ஏறக்குறைய 4 கிராம் சீனி போதும். கடையில் வாங்கும் பானம்போல் நன்றாக நுரைக்க மூன்று பங்கு வாயு வேண்டும், அதற்கு 12 கிராம். மிச்சம் 88 கிராம் போத்தலுக்குள் காத்திருக்கிறது. ஈஸ்ட் அதையும் தின்று முடித்தால் இன்னும் இருபது பங்குக்கு மேல் வாயு வரும். அதைத் தாங்கும் போத்தல் எந்த வீட்டிலும் இல்லை. கண்ணாடியானாலும் பிளாஸ்டிக்கானாலும் உடைவது நிச்சயம், எப்போது என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே இஞ்சி பியரில் முதற்கேள்வி, எந்தப் போத்தல் அதிகம் தாங்கும் என்பதல்ல. உள்ளே எவ்வளவு அமுக்கம் ஏறியிருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமல் எந்தப் போத்தலில் அறியலாம் என்பதே கேள்வி. பிளாஸ்டிக் போத்தலை விரலால் அமுக்கிப் பார்க்கலாம். கண்ணாடியை அப்படிப் பார்க்க வழியில்லை.

முறை எளிது. கழுத்திலிருந்து மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடம் விட்டு நிரப்புங்கள். பானம் விளிம்புவரை ஏறும்படி போத்தலின் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்குங்கள். போத்தல் ஒடுங்கிய வடிவில் நிற்கும். வாயு வர வர ஒடுக்கம் நிமிரும், பிறகு விறைக்கத் தொடங்கும். கடையிலிருந்து வந்த புதுச் சோடா போத்தல்போல் கல்லாக விறைத்ததும் உடனே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். ஆண்டு முழுவதும் பகலில் 30 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும் கொழும்பில் இதற்கு ஒன்று அல்லது இரண்டு நாள்தான் எடுக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒரு வாரம் என்று எழுதியிருந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. சோடா போத்தல்களைச் செய்யும் பிளாஸ்டிக்கின் பெயர் பெட். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அமெரிக்காவின் டியுபொன்ட் நிறுவனத்தில் வேலை செய்த நதானியல் வைத் என்பவர் 1973இல் பெட் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தேடல் தொடங்கிய விதம் நமக்கும் பாடம். சவர்க்காரத் திரவம் வந்த ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் போத்தலில் ஜிஞ்சர் ஏல் நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தாராம். மறுநாள் காலையில் அது ஊதிப்போய்த் தட்டுகளுக்கிடையில் சிக்கியிருந்தது. பிளாஸ்டிக்கை இரண்டு திசையிலும் இழுத்து நீட்டி அதன் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தினால் வாயுவின் அமுக்கத்தைத் தாங்கும் என்று அவர் கண்டுபிடித்த பிறகுதான் சோடா பிளாஸ்டிக்குக்கு மாறியது.

தண்ணீர்ப் போத்தலும் பெட்தான். ஆனால் அதன் சுவர் மெல்லியது, அடிப்பாகம் அமுக்கத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் இஞ்சி பியர் அடைத்தால் அடி வெளியே தள்ளி, போத்தல் நிற்காமல் சாய்ந்துவிடும். அடையாளம் காண அடியைத் திருப்பிப் பாருங்கள். பூவிதழ்போல் ஐந்து கால் வைத்திருப்பது வாயுப் பானத்துக்கான போத்தல், எலிஃபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர் வரும் பிளாஸ்டிக் போத்தல்போல. அந்த ஐந்து கால்களால் இன்னொரு நன்மையும் உண்டு. ஈஸ்டின் மண்டி அந்தக் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊற்றும்போது அவ்வளவு லேசாகக் கிளம்பாது.

பழைய சோடா போத்தலைத் திரும்பப் பாவிப்பதா, புறக்கோட்டைப் பிளாஸ்டிக் கடைகளில் புதிது வாங்குவதா என்று கேட்டால், நல்ல நிலையில் உள்ள பழையதே என் தெரிவு. கடையில் புதிதாகக் கிடைப்பவற்றில் பல, பழச்சாறுக்கும் தண்ணீருக்கும் செய்தவை, தட்டை அடி உள்ளவை. பழையதில் பார்க்க வேண்டியவை சில. அடியில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தால் வேண்டாம், அது வெடிப்பின் தொடக்கம். உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்த போத்தலும் வேண்டாம், கீறல்களுக்குள் கிருமி தங்கும். தோடம்பழச் சோடா இருந்த போத்தலில் அந்த மணம் போகாது, மூடியில் இன்னும் அதிகம். கொதிநீர் ஊற்றவே கூடாது. பெட் 70 பாகையைத் தாண்டினால் இளகிச் சுருங்கிவிடும், பிறகு மூடி இறுகாது. சலவைச் சோடா, கோஸ்ரிக் சோடா போன்ற காரங்களும் பெட்டின் அடியை வெடிக்கவைக்கும். குடித்த உடனே பச்சைத் தண்ணீரில் மூன்று தரம் அலசி, அடைக்கும் நாளில் குழந்தைகளின் பால் போத்தலுக்குப் பாவிக்கும் கிருமிநீக்கித் திரவத்தை அதன் சீட்டில் உள்ள அளவில் கலந்து ஊறவைத்தால் போதும்.

பெட்டுக்குக் குறையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. வாயு அதன் சுவர் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும், வெளியிலிருந்து ஒட்சிசன் உள்ளே வரும். போத்தல் சிறியதாக இருந்தால், கொள்ளும் பானத்தோடு ஒப்பிடச் சுவர்ப் பரப்பு கூடுதல் என்பதால் நுரை சீக்கிரம் இறங்கும். 1.5 லீற்றர் போத்தலில் நிற்கும் நுரை 500 மில்லிலீற்றரில் அவ்வளவு நாள் நிற்காது. மாதக்கணக்கில் வைத்திருந்து முதிரவிடும் பியருக்கு இது பெரிய குறை. இஞ்சி பியரை ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் குடித்துவிடுகிறோம். அந்தக் காலத்துக்குள் கசிவது நாக்குக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டுப் பியர் கெட்டுப்போகும் என்ற எச்சரிக்கையும் நமக்கு வேண்டியதில்லை. அது ஹொப்ஸால் வரும் பிரச்சினை, இஞ்சியில் ஹொப்ஸ் இல்லை.

இப்போது கண்ணாடி. சாராயப் போத்தலில் இஞ்சி பியரை அடைக்கவே அடைக்காதீர்கள். கொழும்பில் மிகச் சுலபமாகக் கையில் கிடைக்கும் கண்ணாடிப் போத்தல் அதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வாயு இல்லாத பானத்துக்காகச் செய்த போத்தல் அது, தட்டையான கால் போத்தல் இன்னும் மோசம். கோடியல் போத்தல், சோஸ் போத்தல், ஜாம் போத்தல் எல்லாம் இதே வகை. கண்ணாடி நொதித்தலில் உடைந்தால் சில்லுகள் சிதறும், குழந்தைகள் நடமாடும் குசினியில் அந்த ஆபத்துக்கு இடமே இல்லை. பிளாஸ்டிக் வெடித்தாலும் சத்தம் பெரிது, மூடி பறந்து முகத்தில் படலாம், ஆனால் சில்லு இல்லை.

பியர் வந்த கண்ணாடிப் போத்தல் அமுக்கம் தாங்கும். அதற்குக் கிரவுண் மூடியும் (விளிம்பு நெளிந்த தகர மூடி), மூடியை நெரித்து அடைக்கும் கருவியும் வேண்டும். அடைத்த பிறகு கொஞ்சம் வாயு விட வழியில்லை. மூடியை எடுத்தால் அந்தப் போத்தல் முடிந்தது. நொதித்தல் நிற்காத பானத்துக்கு இது பொருந்தவில்லை. கம்பிப் பூட்டுப் போத்தலில் வாயு விடலாம், ஆனால் அது இரண்டு வகையாக விற்கப்படுகிறது. வாயுப் பானத்துக்கென்று செய்தது தடித்துக் கனமாக இருக்கும். சதுரமாக, மெல்லியதாக, எண்ணெயோ சர்பத்தோ வைத்து மேசையில் அழகுக்கு வைப்பது மற்றது. சதுரக் கண்ணாடியில் அமுக்கம் மூலைகளில் குவியும், அதில் நுரைப்பானம் அடைக்கக் கூடாது.

தடித்த உருண்டைக் கம்பிப் பூட்டுப் போத்தலுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. பிளாஸ்டிக்கில் நுரைக்கவிட்டு, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, மண்டி படிந்தபின் மேலே தெளிந்ததை மெதுவாகக் கண்ணாடிக்கு மாற்றி, மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். பானம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தால் மாற்றும்போது கொஞ்ச நுரைதான் போகும். நத்தாருக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு வருபவர்களுக்குப் பரிமாற இது மிக அழகு. ஆனால் அது ஃபிரிட்ஜிலிருந்து மேசைக்குப் போகட்டும், அதற்கப்பால் வேண்டாம். குளிர் ஈஸ்டைத் தூங்கவைக்கிறது, கொல்வதில்லை. வெளியே எடுத்து வைத்த கண்ணாடிப் போத்தலுக்குள் அது மறுபடி விழிக்கும்.

பயணம் என்று வரும்போது ஆட்டத்தையும் குலுக்கலையும்விட வெப்பத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மூன்று பங்கு வாயு கரைந்த பானம் 4 பாகையில் இருக்கும்போது போத்தலுக்குள் அமுக்கம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார்தான் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு) கூடுதல். அதே பானம், ஒரு துளி சீனிகூட நொதிக்காமல், 30 பாகைக்கு வந்தால் 3 பாருக்கு மேல் போகும். கார் டயரில் அடைக்கும் காற்று 2.2 பார் அளவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 பாகை வந்தால் 5 பாரைத் தாண்டிவிடும். நல்ல சோடா போத்தல் இதையும் தாங்கும். ஆனால் அந்த வெக்கையை நோக்கி ஏறும்போதே ஈஸ்டும் விழித்துக்கொண்டு மேலும் வாயுவைச் சேர்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுசேரும் இடம்தான் அபாயம்.

குலுக்கல் அமுக்கத்தை நிரந்தரமாகக் கூட்டாது. சிறு குமிழிகளைப் பானமெங்கும் பரப்பும், அவ்வளவுதான். உடனே திறந்தால் பீறிடும். சில மணி நேரம் குளிரில் நிமிர்த்தி வைத்தால் அடங்கிவிடும்.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள், மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து போத்தல் வெடித்துவிடுமோ என்று கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் நேர்மாறு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கொழும்பைவிட ஏறக்குறைய 0.2 பார்தான் குறைவு, போத்தல் சுவரில் கூடுவதும் அவ்வளவுதான். ஆனால் கொழும்பின் 30 பாகையிலிருந்து அங்குள்ள 16 பாகைக்குப் போகும்போது உள்ளமுக்கம் 1 பாருக்கு மேல் இறங்கிவிடுகிறது. கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் போவது, நான் அறிந்த பயணங்களில் இஞ்சி பியருக்கு மிக இலேசானது. ஜன்னல் திறந்த பெட்டி, காலடியில் பை, கண்டியைத் தாண்டியதும் இயற்கையே குளிரூட்டுகிறது. காலை ரயிலாக இருந்தால் இன்னும் நல்லது.

நகருக்குள் ஆட்டோவில் போவதற்கு ஒரு துவாயைச் சுற்றினால் போதும். போன உடனே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். விருந்து வீடுகளில் ஃபிரிட்ஜில் இடம் இருக்காது என்பதால், முன்னதாகவே கேட்டு ஒரு தட்டை ஒதுக்கிவைக்கச் சொல்வது நல்லது.

யாழ்ப்பாணம்தான் கடினம். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ்ஸில் பை எல்லாம் கீழே டிக்கிக்குள் போகும். பின்பக்கம் என்ஜின் உள்ள பஸ் என்றால் அந்தப் பக்கம் சூடு. இரவு முழுவதும், அதற்குமேல் இறங்கிய இடத்திலிருந்து வீடுவரை. பிளாஸ்டிக்கில்தான் கொண்டுபோக வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். போத்தல் முழு விறைப்புக்கு வருமுன், இன்னும் கொஞ்சம் அமுங்கும் நிலையிலேயே ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளாவது குளிரட்டும். முந்தின நாள் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால் பங்கு நிரப்பி உறையவிடுங்கள், தண்ணீர்ப் போத்தல்கள் உதவும் இடம் இதுதான். ரெஜிபோம் பெட்டிக்குள் இஞ்சி பியர்ப் போத்தல்களை நடுவிலும் உறைந்தவற்றைச் சுற்றியும் அடுக்கி, மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். இஞ்சி பியரையே உறையவிடாதீர்கள். உறையும்போது தண்ணீர் விரியும், கரைந்த வாயுவும் வெளியே தள்ளப்படும். பஸ்ஸில் ஏற்றும்போது நடத்துநரிடம், “தம்பி, உந்தப் பெட்டியை என்ஜின் பக்கம் வைக்காதேங்கோ, நிமிர்த்தி வையுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள். ரயில் என்றால் பெட்டி உங்கள் கண்முன்னாலேயே இருக்கும், அதனால் யாழ்தேவி கிடைத்தால் பஸ்ஸைவிட அதுவே மேல்.

இவ்வளவு பாட்டுக்கும் பதிலாகப் பாகு. 400 கிராம் சீனியையும் 200 கிராம் துருவிய இஞ்சியையும் அரை லீற்றர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வடித்து, ஆறியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் இஞ்சிப் பாகு. இதில் ஈஸ்ட் இல்லை, அமுக்கம் இல்லை. எந்தச் சுத்தமான போத்தலிலும் அடைக்கலாம், மேலே ஒதுக்கிய கோடியல் போத்தலும் சாராயப் போத்தலும்கூட இதற்கு ஏற்றவை. அங்கே போய் ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு குளிர்ந்த சோடா கலந்தால் நுரையோடு இஞ்சிப் பானம் தயார். நொதித்ததில் வரும் அந்தப் பாண் வாசமும் லேசான புளிப்பும் இதில் இருக்காது, அது உண்மையான இழப்பு. ஆனால் பத்துப் பேருக்கு மேல் கூடும் வீட்டுக்கு ஒரே ஒரு போத்தல் பாகு போதும், சோடா எந்த ஊர்க் கடையிலும் இருக்கிறது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் இந்தத் தெரிவில் சேரும். நொதித்த இஞ்சி பியரில் மது உண்டு. மூன்று பங்கு வாயு வரும்வரை நொதித்ததில் ஏறக்குறைய 0.7 வீதம் இருக்கும், வெளியே வைத்து வைத்து வாயு விட்டுக்கொண்டே போனால் அது கூடிக்கொண்டே போகும். முஸ்லிம் நண்பர் வீட்டுக்கோ, மது தொடாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கோ, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குடிக்கப்போகும் விருந்துக்கோ நான் நொதித்ததைக் கொண்டுபோவதில்லை. அங்கே பாகும் சோடாவும்தான், தூரம் எவ்வளவாக இருந்தாலும். மற்ற இடங்களிலும் கொடுக்கும்போதே இதில் ஈஸ்ட் போட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் போத்தலை நிமிர்த்தி ஓர் இரவு ஃபிரிட்ஜில் விடுங்கள். கலங்கிய மண்டி படியும், வாயு பானத்துக்குள் திரும்பும். திறக்கும்போது முகத்தைவிட்டு விலக்கி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் நின்றபின் மிச்சத்தைத் திருப்புங்கள். நுரை ஏறினால் மறுபடி இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிளாஸ்டிக்கில் இதை எத்தனை தரமும் செய்யலாம். ஊற்றும்போது அடியில் ஒரு விரற்கடையை விட்டுவிட்டு ஊற்றினால் கடைசிக் கிளாசும் தெளிவாக வரும்.